கல்யாணத்துக்கு முன்பா, பின்பா: கே-1, சிஆர்-1 விசாக்களில் எது?

மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன், பெண் திருச்சியில். அல்லது பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், பையன் கோவையில். பேசி முடித்த கையோடு இரண்டு வீட்டிலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த விசா சீக்கிரம் வரும்?" இதை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் வருத்தப்பட நேரும். கல்யாணத்துக்கு முன் எடுக்கும் கே-1, கல்யாணம் முடித்து எடுக்கும் சிஆர்-1 என்ற இரண்டு வழியிலும் ஒரு வருடம், அதற்கு மேலும்கூட ஆகலாம். எது முந்தும் என்பது காலத்துக்குக் காலம் மாறும். தாலி எந்த ஊரில் ஏறப்போகிறது, போய் இறங்கிய பிறகு எத்தனை மாதம் வேலையில்லாமல், ஊர்ப்பக்கம் வராமல் இருக்க முடியும் என்பதைத்தான் முதலில் பேசவேண்டும்.

யாருக்கு இந்த யோசனையே தேவையில்லை என்பதைச் சொல்லிவிடலாம். கே-1 என்ற வருங்காலத் துணை விசாவுக்கு அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே மனுப்போட முடியும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் கல்யாணத்தை முடித்துவிட்டு, தன் துணைக்கான எஃப்2ஏ விசா வரிசையில் நிற்கவேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் கல்யாணத்தை முடித்துத்தான் துணைக்கு எச்-4 விசா எடுக்க முடியும்.

கே-1 நடைமுறை இப்படி. சிட்டிசன் ஐ-129எஃப் மனுப்போடுவார். கட்டணம் 675 டாலர். அது தேறினால் மும்பைத் தூதரகத்தில் இன்டர்வியூ, விசாக் கட்டணம் 265 டாலர். சென்னையில் தூதரகம் இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம், இந்த வகை விசாவுக்கு மும்பைதான். ஒரே ஒருமுறை நுழையலாம். இறங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள், மனுப்போட்ட அதே ஆளைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் மாறினால் அங்கேயே தங்க வழி கிடையாது, திரும்பித்தான் வரவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கிரீன் கார்டுக்கு ஐ-485 மனு, இன்னொரு 1,440 டாலர். வேலை அனுமதி அட்டைக்கு 260, வெளிநாடு போய்வரும் அனுமதிக்கு 630 தனி.

இதில் கடைசி இரண்டும்தான் உண்மையில் கடிக்கும் இடம். வேலை அனுமதி கைக்கு வரும்வரை சம்பளம் கிடையாது. பயண அனுமதி வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் ஐ-485-ஐக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஊரில் தாத்தாவுக்கு முடியவில்லை என்று இரவோடு இரவாக விமானம் ஏறினால், திரும்பி வர எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தேனிலவுக்கு மெக்சிகோ போனாலும் இதே கதிதான்.

சிஆர்-1 வேறு மாதிரி. கல்யாணம் முதலில், பிறகு சிட்டிசன் தன் துணைக்காகப் போடும் ஐ-130 மனு, தாளில் அனுப்பினால் 675 டாலர், ஆன்லைனில் 625. மனு தேறியதும் தேசிய விசா மையத்தில் டிஎஸ்-260 விசா விண்ணப்பத்துக்கு 325, ஸ்பான்சர் பத்திரத்துக்கு 120. விசா வந்தபின் கிரீன் கார்டுக்கு 235. ஆன்லைன் வழியில் மொத்தம் 1,305 டாலர். கே-1 வழியில் மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தால் 3,270. மருத்துவப் பரிசோதனைச் செலவு இரண்டிலும் தனி. கட்டணங்கள் அவ்வப்போது மாறும், அனுப்பும் நாளன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிஆர்-1-ல் போகிறவர் விமான நிலையத்தில் முத்திரை விழுந்த நிமிடமே நிரந்தரவாசி. மறுநாளே வேலைக்குப் போகலாம், வேண்டும்போது ஊருக்கு வரலாம். அதனால் என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான்.

கே-1 போட்டே தீருவோம் என்பவர்களுக்கு நம் ஊர் நிச்சயதார்த்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த பிரிவு அது. உறவினர், நண்பர் முன்னிலையில் இரண்டு இந்துக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, விரலில் மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, திருமணமாக அதுவே போதும் என்கிறது. இப்போது நம் நிச்சயதார்த்த ஆல்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மண்டபம், மேடை, பட்டுப்புடவை, கழுத்தில் மாலை, மோதிரம் மாற்றுவதை நானூறு பேர் கைதட்டிப் பார்க்கும் படம். அதை 'சந்தித்தோம்' என்பதற்கு ஆதாரமாக இன்டர்வியூவில் நீட்டினால், "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே" என்று அதிகாரி மனுவைத் திருப்பி அனுப்பக்கூடும். மறுபக்கம், பதிவுச் சான்றிதழ் இல்லாததால் அதே ஆல்பத்தை வைத்து சிஆர்-1-ம் போட முடியாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கே-1 என்று முடிவானால் நிச்சயத்தை வீட்டளவில் தட்டு மாற்றுவதோடு நிறுத்துங்கள். மாலை வேண்டாம். தாலி கூடவே கூடாது.

இன்னொன்று: மனுப்போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ காலில் பெண் பார்த்தது கணக்கில் வராது. சந்திப்பையே தடுக்கும் கடுமையான வழக்கம் இருந்தால் விலக்கு கேட்கலாம்தான். பஜ்ஜி சொஜ்ஜியோடு பெண் பார்க்கப் போகும் வழக்கமுள்ள நாம் அதைக் கேட்டு ஜெயிப்பது கஷ்டம். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, தேதியோடு படங்கள், இருவரும் கையெழுத்திட்ட கல்யாணச் சம்மதக் கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கே-1-க்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: மதம் வேறான ஜோடி, லீவு இரண்டே வாரம். இருவரும் இந்துக்கள் என்றால் கோயிலிலோ மண்டபத்திலோ கட்டிவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடலாம். தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவது கட்டாயம், கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். மதம் வேறானால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அதில் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்த பிறகே நோட்டீஸ் கொடுக்க முடியும். கொடுத்தபின் ஆட்சேபணைக்கு இன்னொரு 30 நாள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும், புதிதாகக் கொடுக்கவேண்டும். கையெழுத்துக்கு மூன்று சாட்சி. ஆக, ஒன்று நீண்ட லீவு, இல்லையென்றால் இரண்டு பயணம். வெளிநாட்டவரிடம் 'திருமணமாகாதவர்' என்ற சான்றும் கேட்பார்கள். அமெரிக்க அரசு அப்படி ஒன்றைத் தருவதில்லை. தூதரகத்தின் நோட்டரி முன் தானே சத்தியம் செய்து வாங்கும் பிரமாணப் பத்திரம்தான் கிடைக்கும். அதைச் சார்பதிவாளர் ஏற்பாரா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

யூட்டா மாநிலத்தில் வீடியோவிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். செல்லும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: சடங்கின்போது இருவரும் ஒரே இடத்தில் இல்லையென்றால், அதன்பிறகு நேரில் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தால்தான் குடியேற்றச் சட்டம் அதைத் திருமணமாக ஏற்கும். முன்னால் சந்தித்த படங்கள் இதற்கு உதவாது. கல்யாணத் தேதிக்குப் பிந்தைய பயணம் வேண்டும்.

இரண்டு வழிக்கும் பொதுவான தலைவலி நம் பெயர்தான். இனிஷியலோடு வளர்ந்த நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும், முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது) என்று அச்சாகும். அது அப்படியே கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று பின்னாலேயே வரும். மனுப்போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து எழுதி வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பணத்தகுதி: சிஆர்-1-க்கு ஐ-864 என்ற ஸ்பான்சர் பத்திரத்தில் வறுமைக்கோட்டின் 125 சதவீத வருமானம் காட்டவேண்டும். 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர். கே-1 இன்டர்வியூவுக்கு 100 சதவீதம் போதும் என்றாலும், ஐ-485 கட்டத்தில் அதே 125 வந்து நிற்கும்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கட்டிக்கொண்டு தங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அங்கே கட்டிக்கொண்டு திரும்பி வருவதில் தப்பில்லை. தங்கிவிடும் எண்ணத்தை மறைத்து நுழைந்ததாக முடிவானால் வாழ்நாள் தடை விழலாம்.

சிஆர்-1 கையில் வந்தபின் காலண்டரைப் பாருங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியாமல் நுழைந்தால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு, 750 டாலர். இரண்டு வருடம் முடிந்தபின் நுழைந்தால் நேராகப் பத்து வருடக் கார்டு. இரண்டாவது கல்யாண நாள் பக்கத்தில் இருந்து, விசா காலாவதித் தேதியும் இடம்கொடுத்தால் டிக்கெட்டை அதற்கு மறுநாளுக்குப் போடுங்கள். விமான நிலைய அதிகாரியிடம் கல்யாணத் தேதியைச் சொல்லி, சிஆர்-1-ஐ, பத்து வருடக் கார்டுக்கான ஐஆர்-1 ஆக மாற்றி முத்திரை போடச் சொல்லுங்கள்.