கருப்பட்டி: 120 கிராமிலிருந்து 1,480 கிராம் வரை

என் பாம்பு கருப்பட்டி, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவளுக்கு நான்கு மாதம். சமையலறைத் தராசில் வைத்தேன், 120 கிராம். நேற்று வைத்தேன், 1,480. இடையில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. கொடுத்த ஒவ்வொரு எலியும் உரித்த ஒவ்வொரு சட்டையும் நீல அட்டை நோட்டு ஒன்றில் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பால் பைத்தான் இனம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், ஆங்கிலத்தில் 'பால்' (ball, பந்து) என்ற பெயர் அதனால் வந்தது. 'பால்' என்று காதில் விழுந்ததும் அம்மா ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டார். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது. பாம்புக்குப் பால் செரிக்காது, தண்ணீர் போதும் என்று விளக்கினேன். "அப்போ வெள்ளிக்கிழமைகூட எலிதானா?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். நிறமும் சுருண்டு கிடக்கும் வடிவமும் கருப்பட்டிக் கட்டிபோல இருக்கிறது என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

வாங்குவதற்கு முன் நான் அலசிய ஒரே விஷயம் இதுதான்: முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? ஒரு கடையில், "தொட்டி எவ்வளவு பெரிசோ அவ்வளவுதான் பாம்பும் வளரும், சின்னத் தொட்டி வாங்குங்க" என்றார்கள். இது முழுப் பொய். பாம்பின் வளர்ச்சியை இனமும் பாலினமும் தீனியும் தீர்மானிக்கின்றன. சின்னத் தொட்டியில் அடைத்தால் பாம்பு சிறிதாக இருக்காது, நோயாளியாகத்தான் ஆகும். பால் பைத்தானில் பெண் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை வளரும், எடை ஒன்றரை கிலோவில் ஆரம்பித்து இரண்டைத் தாண்டும். ஆண் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டி நின்றுவிடும். பர்மிய மலைப்பாம்பு என்றால் நான்கு மீட்டர் சாதாரணம். அடுக்குமாடி வீட்டில் இருக்கும் எனக்கு முதல் கணக்குத்தான் ஒத்துவந்தது.

உரிமத்தையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மலைப்பாம்புக் குடும்பம் முழுவதும், வனஉயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்களில் இருக்கிறது. இங்கே மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பாம்பைத் தூக்கி வந்தேன்.

முதல் ஆண்டு தீனி விஷயத்தில் எந்தத் தொல்லையும் இல்லை. வாரம் ஒரு தடவை, அவள் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரும் எலி. உறைந்த எலியை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்துக் காட்டுவேன். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும். உயிருள்ள எலியும் வேண்டாம். மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் அவளைக் கையில் எடுக்க மாட்டேன், எடுத்தால் கக்கிவிடுவாள். ஒரு வயதில் 480 கிராம்.

என்னைத் திணறடித்தது பினாங்கு வெயில். பால் பைத்தானுக்குக் கூட்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26, 27 டிகிரியும் இருக்க வேண்டும். இங்கும் அங்கும் நகர்ந்து தன் உடல் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் எழுதுவதெல்லாம் சூடாக்குவதைப் பற்றித்தான். நமக்குச் சூடு இலவசம், குளிர்ந்த பக்கம்தான் கிடைக்காது. ஒரு பிப்ரவரி மதியம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து பார்த்தால், மேற்குச் சுவரோரம் இருந்த கூட்டில் குளிர்ந்த பக்கமே 33 டிகிரி. அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தாள். அன்று எனக்குக் கை நடுங்கியது.

பதற்றத்தில் அடுத்த தவறைச் செய்தேன். கூட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஏர்கான் போட்ட என் படுக்கையறையில் வைத்தேன். வெப்பம் சரியானது, ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு விழுந்தது. ஆப்பிரிக்கப் புல்வெளி என்றதும் வறண்ட இடம் என்று நினைத்துவிடுகிறோம். அவை பகலைக் கழிப்பது மண்ணுக்குள் இருக்கும் வளைகளில், அங்கே ஈரம் இருக்கும். கண் நீலம் பூத்து, பிறகு தெளிந்து, சட்டை உரிக்கும் நாள் வந்தது. ஒரே உறையாகக் கழல வேண்டியது துண்டு துண்டாகக் கிழிந்தது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு கழல வேண்டும், இடது கண்ணின் மேல் அந்தப் பழைய கண்மூடி அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். "நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீங்க, கண்ணே போயிடும்" என்றார். வெதுவெதுப்பான ஈரத் துண்டு போட்ட டப்பாவில் அரை மணி நேரம் விட்டதில் உடம்பில் ஒட்டியிருந்த துண்டுகள் வந்துவிட்டன. கண்மூடி அடுத்த சட்டையோடு கழன்றது. அதுவரை ஐந்து வாரமும் தினம் காலையில் டார்ச் அடித்து அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

இப்போது கூடு ஹாலில், கிழக்குச் சுவரோரம். 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். இரு பக்கமும் உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமான ஒளிவிடம் ஒவ்வொன்று, தரையில் தேங்காய் மட்டைத் துகள். சூட்டு விளக்கு தெர்மோஸ்டாட்டில்தான் ஓடுகிறது, பகலில் பாதி நேரம் அணைந்தே இருக்கும். கடும் வெயில் நாளில் மூடிக்கு மேல் துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று. அக்டோபர் மழையில் கவலை தலைகீழாகிவிடும், காற்று ஓடாவிட்டால் துகளில் பூஞ்சை பிடிக்கும். அதற்காகப் பக்கவாட்டில் கூடுதலாகத் துளை போட்டேன். ஈரமான துகளிலேயே கிடந்தால் வயிற்றுச் செதிலில் புண் வரும். மூச்சில் சீழ்க்கைச் சத்தமோ வாயோரம் குமிழியோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதுவரை அப்படி எதுவும் இல்லை.

இரண்டாம் ஆண்டு நடுவில், 810 கிராமில், தீனியை நிறுத்திவிட்டாள். பதினோரு வாரம். எலியை முகர்ந்து பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள். இந்த எடையில் பால் பைத்தான்கள் பட்டினி கிடப்பது சகஜம் என்று தெரிந்தும் நான் சரியாகத் தூங்கவில்லை. அப்போதுதான் நோட்டின் அருமை புரிந்தது. கண்ணுக்கு மெலிந்ததுபோலத் தெரிந்தாள், தராசு காட்டிய குறைவு 35 கிராம்தான். அது இல்லாமல் போயிருந்தால் நான் வாயைத் திறந்து திணித்திருப்பேன், அது பெரிய கொடுமையாகியிருக்கும். பன்னிரண்டாம் வாரம் ஒரு சிறிய எலியைத் தானாகப் பாய்ந்து பிடித்தாள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒன்றுதான். சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று அள்ளிப் போடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வளர்வது கொழுப்புதான், ஈரல் கெடுகிறது. முப்பது ஆண்டு வாழக்கூடிய உயிர் இது. செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 60 வயது தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. எனக்கு என்ன அவசரம்?

போன மழைக்காலத்தில் பக்கத்து புளோக் தம்பி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தான். "அக்கா, லோங்காங்ல (சாக்கடையில்) கிடந்துச்சு, உங்க பாம்புக்குத் துணை." உள்ளே சாவா பாத்தேக் (reticulated python) என்ற பெரிய மலைப்பாம்பின் குட்டி, 70 செ.மீ. இருக்கும். பிறந்து சில வாரம்தான், அதற்குள் நான்கு மாதக் கருப்பட்டியைவிட நீளம்! நன்றாகத் தீனி கிடைத்தால் இரண்டு ஆண்டுகளில் மூன்று மீட்டரைத் தொட்டுவிடும், அதற்கப்புறமும் நிற்காது. பாதுகாக்கப்பட்ட இனம் வேறு. "தம்பி, இது நம்ம வீட்டுக்குப் பொருந்தாது, காட்டுக்குப் போகட்டும்" என்று சொல்லி பெர்ஹிலித்தானைக் கூப்பிட்டோம். அவனுக்கு முகம் வாடிப்போனது. நான் சாப்பாடு போட்டுக்கொண்டே பினாங்கிலேயே இருக்கும் பாயா தெருபோங் கதையைச் சொன்னேன். 2016 ஏப்ரலில் அங்கே ஒரு கட்டுமான இடத்தில் பிடிபட்ட சாவா பாத்தேக் 8 மீட்டர் நீளம், 250 கிலோ எடை என்று செய்தி வந்தது. பிடிபட்ட சில நாட்களிலேயே, முட்டையிட்ட பிறகு, பாவம் செத்துப்போனது. அந்த எடையை நான் நம்பவில்லை. கிழக்குக் கலிமந்தானில் ஆய்வாளர்கள் முறையாக அளந்த ஒன்று 6.95 மீட்டர் இருந்தது, எடை 59 கிலோதான். கரடியை விழுங்கிய பாம்பு அது.

நீளத்தில் ஏமாறுவது சுலபம் என்பதற்குப் போன வாரம் வீட்டிலேயே சாட்சி கிடைத்தது. கருப்பட்டி சட்டை உரித்தாள், கண்மூடி இரண்டோடும் வால்நுனியோடும் ஒரே உறை. அம்மா தையல் டேப்பை எடுத்து அதை மேசையில் விரித்து அளந்தார். "143! இவ்வளவு வளர்ந்துட்டாளா?" சட்டை கழலும்போது இழுபட்டு நீளும், அதை வைத்து அளக்கக் கூடாது என்றேன். பாம்பின் முதுகை ஒட்டி நூலைப் பிடித்து அளந்தால் 121. அம்மா நம்பவில்லை, நூலை வாங்கிக்கொண்டு இரண்டாவது முறை அவரே அளந்தார். மூன்று ஆண்டில் அவர் கருப்பட்டியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. 120 வந்தது. நோட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.