ரெண்டு பேருக்கும் ஒரே கதவு நம்பர்

கோயம்புத்தூர்ல எங்க வீட்ல முட்டை கூட வாங்க மாட்டாங்க. ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கிற ஊர்ல ஒரு மீன்வள ப்ராஜெக்ட்ல டேட்டா என்ட்ரி வேலைன்னு வந்தேன், மீனை எக்செல் ஷீட்ல மட்டும் தான் பாத்திருக்கேன். தங்கினது ஒரு பெரியம்மா வீட்டு மாடி, ரெண்டு ரூம், நடுவுல ஒரே அடுப்படி. பக்கத்து ரூம் நர்ஸ் பொண்ணு காலி பண்ணினதும் பெரியம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் ஒருத்தரை குடி வச்சிட்டாங்க, மூக்கையூர்க்காரர். கேட்டா "தங்கமான புள்ள தாயி, படுக்க மட்டுந்தான் வருவான்"னாங்க.

முதல் வாரமே சண்டை. சிங்க் முழுக்க கருப்பு, இன்ஜின் ஆயிலை இங்க ஊத்திட்டாருன்னு கத்திட்டேன். அது கணவாய் மீனோட மை! தலையை புடிச்சு இழுத்தா மைப்பை குடலோட சேர்ந்து வரும், உள்ள விரலை விட்டா கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு ஓடு வரும்னு பொறுமையா காட்டினாரு, மூக்கை பொத்திட்டே பாத்தேன். பதிலுக்கு நான் அரிசிம்பருப்பு சாதம் வச்சேன், "சோத்துலயே பருப்ப போட்டுட்டா கொழம்பு எதுக்கு மேடம்"னு கேட்டுட்டு மூணு தட்டு சாப்டாரு.

எனக்கு எப்ப புடிச்சுதுன்னு கேட்டா அந்த கிளிப் தான். வாடைக்காத்துல என் சுடிதார் பறந்து போயி பக்கத்து வீட்டு வலை மேல கிடந்துச்சு. மறுநாள் பாத்தா கொடி முழுக்க பழைய ஒயரை வளைச்சு செஞ்ச கிளிப்பு, வரிசையா பதினாலு. ஒரு வார்த்தை சொல்லல மனுசன்.

சரி, மேட்டருக்கு வரேன். அவர் கிறிஸ்டியன், நான் இந்து, யாரும் மாற வேண்டாம்னு 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவு பண்ண முடிவு பண்ணோம். வயசுக்கு ப்ரூஃப், அட்ரஸ் ப்ரூஃப், போட்டோ எல்லாம் எடுத்துட்டு பதிவு ஆபீஸுக்கு போனோம். ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் இருந்திருக்கணும், அது பிரச்சனை இல்ல. ஆனா ரெண்டு வாடகை அக்ரிமென்ட்லயும் ஒரே கதவு நம்பர். அங்க இருந்தவர் கண்ணாடிய இறக்கி "அண்ணன் தங்கச்சியாம்மா?"ன்னு கேட்டாரு பாருங்க, இவரு சிரிச்ச சிரிப்புல ஆபீஸே திரும்பி பாத்துச்சு.

நோட்டீஸ் குடுத்து 30 நாள் போர்டுல தொங்கணும், அதுக்குள்ள யாரும் ஆட்சேபணை சொல்லலாம். இதுல முக்கியமா ஒன்னு சொல்லணும், நம்ம நிரந்தர ஊர் வேற மாவட்டம்னா நோட்டீஸோட காப்பி அந்த ஊர் ஆபீஸுக்கும் போயி அங்கயும் ஒட்டுவாங்க, இது எனக்கு மனு குடுக்குற அன்னைக்கு தான் தெரியும். சித்தப்பா பாத்து சொல்றதுக்குள்ள நானே சொல்லிடணும்னு அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன். அம்மா கல்யாணத்த பத்தி ரெண்டாவதா தான் கேட்டாங்க, முதல்ல கேட்டது "கவுச்சி சாப்புடறியா?" அதுக்கு தான் நாலு நாள் பேசல. அப்பா, பையன் என்ன வேலைன்னு கேட்டுட்டு, நம்ம மோட்டாரும் ரிப்பேர் தான்னு மட்டும் சொன்னாரு.

30 நாள் முடிஞ்சும் தேதி அமையல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், ஊருக்கே லீவு, இவருக்கு மட்டும் சீசன், எல்லா போட்டும் அப்ப தான் இன்ஜினை பிரிக்கும். நோட்டீஸ் குடுத்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கலன்னா மறுபடி முதல்ல இருந்துன்னு நான் கத்த, கடைசில ஜூன் முதல் வாரம் ஒரு புதன்கிழமை நகத்துல கிரீஸோட வந்து கையெழுத்து போட்டாரு. சாட்சி மூணு பேர் வேணும், பெரியம்மா, ஒரு போட் ஓனர், என் ஆபீஸ் அக்கா.

வெளிய வந்து டீ குடிக்கும்போதே பெரியம்மா ஆரம்பிச்சிட்டாங்க, "இனி ஒங்களுக்கு ஒரு ரூம் போதும்ல தாயி, இன்னொன்ன வாடகைக்கு விட்ரவா?"