பஞ்சு வைத்த ரவிக்கை

இடது மார்பில் 2 சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. மருத்துவர் இரண்டு வழி சொன்னார்: கட்டியையும் சுற்றுத் திசுவையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு, அல்லது மார்பகத்தையே நீக்குவது.

“சனியனை மொத்தமாக எடுத்துவிடுங்கள் அண்ணி” என்றாள் நாத்தனார். முழுவதும் போனால் ஆயுள் கூடும் என்றுதான் நானும் நினைத்தேன். மருத்துவர் மறுத்தார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவர் 1976இல் தொடங்கிய ஆய்வின் 20 ஆண்டு முடிவு 2002இல் வெளிவந்ததாம். உயிர்பிழைப்பில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்த்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 14.

அந்தக் கதிர்வீச்சுதான் தலைவலி. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு மூன்று வாரம், 15 நடை. அதுவும் தீபாவளித் தையல் குவியும் நேரத்தில். இருபது வருடமாக ஊருக்கு ரவிக்கை தைக்கிறவள் நான். எனக்கே ஒரு பக்கம் பஞ்சு வைத்து ஒன்று தைத்தும் பார்த்தேன். தையல் கச்சிதம். போட்டுப் பார்க்கத்தான் கை வரவில்லை.

கட்டியை மட்டும் எடுக்கக் கையெழுத்திட்டேன். எடுத்த திசுவின் விளிம்பில் புற்றணு தெரிந்தால் மறுபடி வெட்ட வேண்டும் என்ற வரிக்குக் கீழேயும்தான்.

துணிகளைப் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் கை கொஞ்சம் கோணல், வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ளவும்.