நாள் வெட்டும் துண்டு வெட்டும்

நேற்று இரவு 10 மணிக்கு நியூ ஜெர்சியிலிருந்து மச்சாள் கோல் எடுத்தாள். அங்கே பகல் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். அவளும் என்னைப்போல ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுச் சமூகப் பணியாளர்தான்.

"சாப்பிட்டியாகா?"

"எங்ககா சாப்பிடுற? 40 நிமிசம் இன்சூரன்ஸ்காரனோட லைன்ல நிண்டன். மூணு நாள் கேட்டு ஒரு நாள்தான் கிடைச்சது."

அங்கே ஒருவர் எத்தனை நாள் கட்டிலில் இருக்கலாம் என்பது டொக்டர் கையில் மட்டும் இல்லை, காசு கட்டுகிற காப்புறுதிக்காரரும் சம்மதிக்க வேணும். மனேஜ்ட் கெயார் என்கிறார்கள். செலவைக் கட்டிப்பிடிக்க 1973இல், நிக்சன் காலத்தில், சட்டம் போட்டு வளர்த்த முறை. மனநோயை மட்டும் பல காப்புறுதிக்காரர் இன்னொரு கம்பனியிடம் குத்தகைபோலக் கொடுத்துவிடுவார்கள். உடம்பு நோய்க்கு ஒரு நியாயம், மன நோய்க்கு அதைவிட இறுக்கமாய் ஒரு நியாயம் வைக்கக்கூடாது என்று 2008இல் சட்டம் வந்தது. மச்சாள் இன்னமும் லைனில்தான் நிற்கிறாள்.

"ஒரு பெடியன் நேத்துத்தான் முதல்முதலாச் சிரிச்சான்கா. அதை எழுதினா, 'சுகம்தானே, வீட்ட அனுப்பு' எண்டு நாளை வெட்டுவான். அப்படியேதான் இருக்கான் எண்டு எழுதினா, 'வைத்தியம் சரிவரல்ல, மறுகா ஏன் வெச்சிருக்கீங்க' எண்டு கேப்பான். சிரிச்சத நான் எங்ககா எழுதுற?"

எனக்கு அந்தத் தொல்லை இல்லை. "இன்று தானாகத் தலைக்குக் குளித்தா, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டா" என்று தாராளமாக எழுதுவேன். இங்கே இலங்கையில் இலவச வைத்தியம், நாளை வெட்ட ஆளில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தவள் பாதியில் அடங்கிவிட்டேன்.

பெப்ரவரியில் வாட்டில் கட்டில் இல்லை. பாயிலும் ஆட்கள். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பெடியன் ஒருவனுக்கு அவசரமாகத் துண்டு வெட்டியது (வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதுதான் எங்களுக்குத் துண்டு வெட்டுவது). மாத ஊசிக்குத் திகதி போட்டுக் கொடுத்தவள் நான்தான். அது வெள்ளாமை வெட்டு நேரம். தகப்பன் கூலிக்குப் போகிறவர். வந்து போக இரண்டு பஸ், இடையில் ஒரு பாதை (ஆற்றைக் கடக்கிற படகுதான் எங்களுக்குப் பாதை). அவர்கள் வரவில்லை. நான் கவனிக்க ஆறு கிழமை போய்விட்டது. தேடிப் போனபோது திண்ணையில் இருந்தான். இரவிரவாக வயல்வெளியெல்லாம் நடந்திருக்கிறான், உள்ளங்கால் நிறைய நெருஞ்சிமுள். தாய் ஊசியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு எழும்பிக் கதிரை போட்டா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை மச்சாளிடம் சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.

"இங்க துண்டு வெட்டி 7 நாளைக்குள்ள, 30 நாளைக்குள்ள கிளினிக் போனானா எண்டு கணக்கெடுப்பாங்கள்கா. நாளை வெட்டுற அதே ஆக்கள்தான்."

கருணையில் எடுக்கிற கணக்கில்லை, காப்புறுதித் திட்டங்களுக்குப் புள்ளி போடுகிற கணக்கு. இருந்தாலும் அந்த 7 எனக்குப் பிடித்துவிட்டது. துண்டு வெட்டுகிறவர்களின் பெயருக்கு நேரே ஏழாம் நாளைச் சிவப்பில் எழுதி, அன்றைக்கு வீட்டுக்குப் போன் எடுப்பதென்று இன்று காலை கொப்பியில் கோடு போட்டேன்.

அப்படியே அந்தப் பெடியனின் தகப்பனுக்கும் எடுத்தேன். சிறுபோக வெட்டு எப்போது என்று கேட்டுத்தான் அடுத்த ஊசித் திகதி போட்டேன். செவ்வாய் வேண்டாமாம், வெட்டுற மெசின் அன்றைக்குத்தான் வருகுதாம்.