மேட்டுப்பாளையம் வரை நல்ல வண்டி: குன்னூர் ஒர்க்‌ஷாப் நாட்குறிப்பு

4 நவம்பர் 2024, திங்கள்

2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கோவையில் புரோக்கர் மூலம் 2,85,000 ரூபாய்க்கு முடிந்து, நேற்று குன்னூர் வந்து சேர்ந்திருக்கிறது. மீட்டரில் 61,400 கி.மீ. 'சிங்கிள் ஓனர், ஒரு ரூபாய் வேலை இல்லை' என்று சொல்லி விற்ற வண்டி. மேட்டுப்பாளையம் வரை அப்படித்தான் ஓடியிருக்கிறது. மலை ஏறி, பர்லியார் தாண்டியதும் கருகல் நாற்றம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

கிளட்ச் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இருந்தாலும் சோதித்தோம். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். இது அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. வாங்கும் இடத்திலேயே அரை நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

5 நவம்பர், செவ்வாய்

கியர்பாக்ஸ் இறக்கியாயிற்று. கிளட்ச் பிளேட்டில் ரிவெட் தலை மேல்பரப்போடு சமமாக நிற்கிறது. பிளேட் அந்த அளவு தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால், பிளேட் உரசும் ஃபிளைவீலைச் சுரண்டியிருக்கும். ஃபிளைவீலில் நீலத் திட்டுகள், சூடு ஏறிய அடையாளம். லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டோம், அதாவது மேல்பரப்பைச் சீவிச் சமமாக்கினோம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தால், பழைய பேரிங் சத்தம் போட ஆரம்பித்ததும் மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலி.

இறக்கிய கையோடு கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றினோம். சீல் 380 ரூபாய்தான். பிறகு ஒருநாள் அது ஒழுகினால் திரும்ப 2,800 கூலி, புது பிளேட்டும் ஆயிலில் நனைந்து வீண்.

செட் 5,200, சீல் 380, ஃபேஸிங் 600, கியர் ஆயில் 900, கூலி 2,800. ஆக 9,880.

9 நவம்பர், சனி

பர்லியார் வரை இறக்கிப் பார்த்தோம். வண்டியின் யோக்கியதை தெரிவது இறக்கத்தில்தான். இரண்டாவது கியரில் இறங்கியும், ஆறாவது வளைவுக்குப் பிறகு பெடல் ஆழமாகப் போனது, ஸ்டீயரிங் உதறியது.

சக்கரத்தைக் கழற்றினால் இடது முன்பக்கம் உள் பிரேக் பேட் 2 மி.மீ., வெளி பேட் 7 மி.மீ. இந்த வித்தியாசம் ஒன்றே போதும்: பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டது. ஒரு பேட் மட்டும் விடாமல் உரசி, டிஸ்க்கைச் சுட வைத்துக் கோணலாக்கியிருக்கிறது. ஸ்டீயரிங் உதறியதற்குக் காரணம் அதுதான். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தடிமனான வெளி பேட்தான் கண்ணில் படும். 'பேட் புதுசு சார்' என்று சொல்லிவிடுவார்கள். போன் டார்ச்சை உள்பக்கம் அடித்துப் பார்க்கவும்.

பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 பக்கம் வந்துவிடும். நீள இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். கோவையில் சிக்னலுக்குச் சிக்னல் ஓடும் வண்டியில் இது வருஷக்கணக்கில் வெளியே தெரியாது. மலையில் ஓடுகிற வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

பேட் 1,500, டிஸ்க் ஜோடி 3,400, காலிப்பர் ஸ்லைடு பின் கிட் 300, பின்சக்கர ஷூ 950, ஆயில் ஒரு லிட்டர் 600, கூலி 1,800. ஆக 8,550.

சமவெளியில் வாங்குகிறவர்கள் வண்டியை மேட்டுப்பாளையம் கொண்டுவரச் சொல்லி, கல்லாரிலிருந்து நாலு கொண்டை ஊசி ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு விலை பேசலாம். வர மறுக்கும் புரோக்கர் அதிலேயே பதில் சொல்லிவிட்டார்.

13 நவம்பர், புதன்

கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர், துரு நிறத்தில். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது. ஊட்டி உயரத்தில் திறந்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிப்பதால்தான் இன்ஜின் தப்பிக்கிறது. மூடி 280, தெர்மோஸ்டாட் 900, ஹோஸ் 650, கூலண்ட் 900, ஃபிளஷ் செய்த கூலி 1,000. ஆக 3,730.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்ததைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று வண்டிக்காரர் பயந்துவிட்டார். குளிரில் கடைவீதிக்கும் வீட்டுக்குமாகக் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஈரம் ஆயிலோடு கலந்து அப்படிப் படிவது சகஜம். டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருக்கிறது, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது.

21 நவம்பர், வியாழன்

வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் 'டக் டக்'. இடது ஆக்ஸில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, கிரீஸ் வெளியேறி, சேறு உள்ளே போய் ஜாயின்ட்டைத் தின்றிருக்கிறது. பூட் கிழிந்த அன்றே பார்த்திருந்தால் சில நூறோடு முடிந்திருக்கும். இப்போது ஜாயின்ட்டே 2,600. லோயர் ஆர்ம் இரண்டு 3,800, லிங்க் ராடு 1,100, அலைன்மென்ட் 500, கூலி 2,000. ஆக 10,000.

டயரில் 3518 என்று இருக்கிறது, 2018-ன் 35-வது வாரம். பட்டன் (தரையில் படும் பள்ளமேடு) இன்னும் இருக்கிறது, ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. மழையில் மலை ரோட்டுக்கு ஆகாது. நாலும் 17,200.

இதோடு 49,360. வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விட்டது.

மீட்டரைக் குறைத்த விஷயமும் தெரிந்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் பதிவில் 2021-லேயே 83,000 தாண்டியிருக்கிறது. பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தபோதே சந்தேகம்தான்.

19 டிசம்பர், வியாழன்

தலைக்குந்தாவில் உறைபனி. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அதே வண்டி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி 8.7 வோல்ட்டுக்கு இறங்குகிறது, 9.6-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். 4,300.

வண்டிக்காரர் பேப்பரையும் கொண்டுவந்திருந்தார். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 கொடுத்தாயிற்று, ஆனால் ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு அப்படியே நிற்கிறது. அதை நீக்க, கடன் முடிந்ததற்கான பேங்கின் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் பழைய ஓனரிடமிருந்து வாங்கியாக வேண்டும். பணம் முழுக்கக் கைமாறிய பிறகு அவர் போனை எடுப்பதில்லை. இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளில் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்பது சிக்கல். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

மதியம் கேத்தியிலிருந்து ஒருவர், வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்லச் சொல்லி, டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கிளட்ச், பிரேக் நன்றாக இருக்கிறது. மலையில் ஓட்டத் தெரிந்தவர் வைத்திருந்த வண்டி. வைப்பருக்குக் கீழே பிளாஸ்டிக்கைக் கழற்றினால் ஒரு கூடை சைப்ரஸ் சருகு. தண்ணீர் போகும் ஓட்டை அடைத்து, மழைத் தண்ணீர் பிளோயர் (உள்ளே காற்று ஊதும் ஃபேன்) வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. முன்சீட் கால்மிதியைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகடு பொத்துக்கொண்டு தரை தெரிகிறது. ஃப்ளோர் வெல்டிங்கும் பிளோயர் மோட்டாரும் சேர்த்து 11,000 குறைத்துப் பேசச் சொல்லி அனுப்பினோம்.