ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் கடிதங்களைப் படியெடுத்த அனுபவம்

சிங்கப்பூரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய அரசாங்கக் கடிதங்களைப் படியெடுக்கும் தன்னார்வப் பணி ஒன்று இருக்கிறது, அப்பாவுக்குப் பொழுதும் போகும், எழுத்தர் வேலையும் விட்டுப்போகாது என்று என் மகள்தான் பெயர் பதிவு செய்து வைத்தாள். நீரிணைக் குடியேற்றங்களின், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த ஆங்கிலேய ஆட்சிப் பகுதியின், நிர்வாகக் கடிதங்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே இருப்பதால், பக்கத்தின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி தட்டச்சு செய்ய வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது 1840களின் கலங்கரை விளக்கக் கடிதங்கள். கிழக்கிலிருந்து வரும் கப்பல் ஹார்ஸ்பர்க்கைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தால், துறைமுகத்துக்கு இன்னும் சில மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டே என் வேலைக்காலம் கழிந்தது. அந்த விளக்கு எப்படி வந்தது என்று அதுவரை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

முதல் பக்கத்தை முடிக்க நான்கு மணி நேரம் ஆயிற்று. மை தாளில் ஊறி மறுபக்கத்து வரிகளும் தலைகீழாகத் தெரிந்தன. எழுத்தரோ சொல்லின் கடைசி எழுத்துகளை மேலே தூக்கிச் சுருக்கி எழுதும் பழக்கம் உள்ளவர். அவர் பெரிய எழுத்துகளை எப்படிப் போடுகிறார் என்று ஒரு தாளில் அட்டவணை எழுதி, கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த பிறகே வேலை நகர்ந்தது. 'ரோமேனியா முனை' என்று படித்துவிட்டு, ஐரோப்பிய நாட்டின் பெயர் இங்கே எதற்கு என்று அரை நாள் குழம்பினேன். சிங்கப்பூருக்கு வடக்கே உள்ள மலாய் மாநிலமான ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் உள்ள ரமுனியாவைத்தான் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) எழுத்தர்கள் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

நான் செய்த பெரிய பிழையையும் சொல்லிவிட வேண்டும். 28ஆம் தேதியிட்ட ஒரு கடிதம், கல்கத்தாவிலிருந்து 25ஆம் தேதியிட்டு வந்த கடிதத்துக்குப் பதில் என்று நான் படித்தேன். மூன்றே நாளில் கல்கத்தா தபால் சிங்கப்பூரை எட்டிவிட்டதா என்று வியந்து, அந்த வியப்பை ஒரு குறிப்பாகவும் எழுதி அனுப்பினேன். சரிபார்த்த இளம்பெண் பொறுமையாகத் திருப்பி அனுப்பினார். தேதிக்குப் பின்னால் இருந்த சுருக்கச் சொல்லை நான் 'இன்ஸ்டன்ட்' என்று எடுத்திருந்தேன், அது 'அல்டிமோ'. முன்னதற்கு 'இந்த மாதம்' என்று பொருள், பின்னதற்குப் 'போன மாதம்'. அன்றிலிருந்து, வந்த கடிதங்களுக்கு ஒரு வரிசையும் போன கடிதங்களுக்கு இன்னொரு வரிசையும் என நோட்டில் இரண்டு பத்திகள் போட்டு, எதற்கு எது பதில் என்று கோடு இழுத்துப் பார்த்த பிறகே தட்டச்சு செய்தேன். அந்த இரண்டு பத்திகளில்தான் கோப்பின் கதை எனக்கு விளங்கத் தொடங்கியது.

கும்பினியின் கடல் வரைபட வல்லுநர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் 1836இல் இறந்தார். அவருடைய கடல்வழி நூலை நம்பிக் கப்பல் ஓட்டிய சீனாவின் கான்டன் நகர வணிகர்கள், அதே ஆண்டு கூடிப் பேசி, அவர் நினைவாக ஒரு விளக்கு அமைய வேண்டும் என்று நன்கொடை திரட்டினார்கள். விளக்கு எரிந்தது 1851 அக்டோபர் 15 இரவு. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் பாறையில் கல் ஏறிய காலம் கடைசி ஒன்றரை ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் தபால்! நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பட்டர்வொர்த் தம் விருப்பப்படி பெரிய செலவு எதுவும் செய்துவிட முடியாது. அவர் கும்பினியின் இந்திய அரசாங்கம் இருந்த கல்கத்தாவுக்கு எழுத வேண்டும், கல்கத்தா லண்டனில் இருந்த கும்பினியின் இயக்குநர் அவைக்கு எழுத வேண்டும், பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். இடையில் இடமும் மாறியது. 1844இல் கரைக்கு அருகில் இருந்த பீக் ராக் என்ற பாறையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெட்ரா பிராங்கா, அதாவது மலாய்க்காரர்கள் பூலாவ் பத்து புத்தே என்று அழைக்கும் வெள்ளைப் பாறை, முடிவானது அதற்குப் பிறகுதான்.

இந்த இடமாற்றத்தை நான் முதலில் அலட்சியமாகக் கடந்துபோனேன். ஆனால் கோப்பின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. விளக்கு கட்ட அனுமதி கேட்டு ஜொகூர் சுல்தானுக்கும், அங்கே உயர்பதவி வகித்த மலாய்த் தலைவரான தெமெங்கோங்குக்கும் பட்டர்வொர்த் கடிதம் எழுதினார். இருவரும் 1844 நவம்பர் 25ஆம் தேதியிட்டுச் சம்மதம் தெரிவித்துப் பதில் அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து, பீக் ராக்கை ஜொகூர் அரசர் விலையின்றி விட்டுக்கொடுக்க இசைந்தார் என்று பட்டர்வொர்த் கல்கத்தாவுக்கு அறிக்கை அனுப்பினார். பதில்கள் இருக்கின்றன, அறிக்கை இருக்கிறது, அவர் கேட்டு எழுதிய கடிதங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் பதில்கள் வழக்கமாக வந்த கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். தொலைந்த கடிதத்தை அதிலிருந்து ஓரளவு மீட்டுவிடலாம் என்று நம்பினேன். இங்கே அது பலிக்கவில்லை. சுல்தானின் பதில் ரமுனியா முனைக்கு அருகில் என்கிறது. தெமெங்கோங்கின் பதில் அங்கேயோ தகுதி என்று கருதும் வேறு எந்த இடத்திலோ என்கிறது. எந்தப் பாறை என்று பெயர் சொல்லியிருந்தால் பின்னால் எவ்வளவு தொல்லை மிச்சமாகியிருக்கும்!

பணத்தைப் பற்றிய கடிதங்கள் எனக்கு எளிதாகவே இருந்தன, ஏனென்றால் கப்பல் கட்டணம் என் தொழில். கான்டன் நன்கொடை போதவில்லை. கட்டி முடித்தபோது மொத்தச் செலவு 23,665 டாலரைத் தாண்டியிருந்தது. மீதியைக் கும்பினி போட்டுவிட்டுக் கப்பல்களிடம் விளக்குக் கட்டணமாகத் திருப்பி எடுப்பது என்று திட்டம். ஆனால் சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம் என்று பெயர் வாங்கியிருந்ததால், எந்தக் கட்டணத்தையும் இங்கே தயங்கித்தான் தொட வேண்டியிருந்தது. 1852இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. விளக்கின் உடைமை கும்பினிக்கு என்றும் பெயர் ஹார்ஸ்பர்க் விளக்கு என்றும் அதிலேயே எழுதிவைத்தார்கள்.

கட்டியவர் அரசாங்க நிலஅளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். கலங்கரை விளக்கம் கட்டிப் பழக்கமில்லாதவர் என்பதால், 1847இல் பாறைமேல் செங்கல் தூண்களை எழுப்பி, பருவக்காற்று அவற்றை என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார். பார்த்த பிறகு, பூலாவ் உபினில் வெட்டிய கருங்கல்தான் தாங்கும் என்று முடிவாயிற்று. அடிக்கல் 1850 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் அன்று. ஜூன் தொடக்கத்தில் தெமெங்கோங் தம் ஆட்கள் 30 பேருடன் பாறைக்கு வந்து பார்த்துப் போனார். அந்த வருகைக்கு என்ன பொருள் என்று 150 ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள்.

பாறை யாருக்குச் சொந்தம் என்று மலேசியாவும் சிங்கப்பூரும் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும். 2008 மே 23இல் 12க்கு 4 என்ற கணக்கில் சிங்கப்பூருக்குத் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பைக் கடிதங்களை முடித்த பிறகுதான் படித்தேன். 1844ஆம் ஆண்டுச் சம்மதக் கடிதங்கள் உரிமையைத் தீர்மானிக்கவில்லை. தீவு முதலில் ஜொகூருக்கு உரியது என்றே நீதிமன்றம் கொண்டது. பெரும் எடை பெற்றது, பெட்ரா பிராங்காமீது தங்களுக்கு உரிமைக் கோரிக்கை இல்லை என்று 1953இல் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் எழுதிய சிறிய பதில். கோப்பைச் சீக்கிரம் மூட வேண்டும் என்று நானும் இப்படி எத்தனை பதில் போட்டிருப்பேன் என்று நினைத்தபோது கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது.

இப்போது தெற்கே பூலாவ் சத்துமுவில் கட்டிய ராஃபிள்ஸ் விளக்கின் கடிதங்களை எடுத்திருக்கிறேன். இதற்கும் அடிக்கல் மே 24தான், 1854; விளக்கு எரிந்தது 1855 டிசம்பர் 1. கட்டணச் சட்டம் ஏற்கெனவே இருந்ததாலோ என்னவோ, இந்தக் கோப்பு முந்தையதைவிட வேகமாக ஓடுகிறது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகள். சென்னை மாகாணத்தவரும் அந்தக் கைதிகள் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதால், ஒரு தமிழ்ப் பெயராவது தட்டுப்படுமா என்று ஒவ்வொரு பக்கத்திலும் கண் ஓடுகிறது. இதுவரை எண்ணிக்கை மட்டுமே வந்திருக்கிறது. எழுத்தரும் மாறிவிட்டார், இவர் 'எஸ்' போடுவது பழையவரின் 'எல்' போலவே இருப்பதால், பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.