பெருசு பெருசா நாப்பத்தி மூணு

எங்க மொட்டை மாடிச் செம்பருத்தியில மூணு மாசமா மாவுப்பூச்சித் தொல்லை. ஞாயித்துக்கிழமை காலையில அங்க இருந்து அத்தை இறங்கி வந்த தோரணையைப் பார்த்திருக்கணும். ஒரு கையில பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பாதி அளவுக்கு சோப்புத் தண்ணி, மேல வெள்ளை வெள்ளையா என்னமோ மிதக்குது. இன்னொரு கையில பூச்சி தேய்க்கிற டூத் பிரஷ். (மாமா தெரியாம அதுல பல்லு விளக்கின கதை இப்ப வேண்டாம், அவர் இன்னும் ஆறலை.)

"நாப்பத்தி மூணு கண்ணு. எண்ணிப் போட்டேன். மூணு மாசமா பொடிசுகளையே தேச்சுட்டு இருந்திருக்கறோம். தாய்க்கெழடுக எல்லாம் இலைக்கு அடியில ஒளிஞ்சுட்டு இருந்திருக்குதுக. ஒவ்வொண்ணும் என்ற சுண்டுவிரல் நகத்தளவு!"

எட்டிப் பார்த்தேன். பெருசுதான். தேங்காய்த் துருவல்ல புரட்டி எடுத்த குட்டிக் கொழுக்கட்டை மாதிரி, உடம்பு முழுக்க நூல் நூலா வெள்ளை. அதுல ஒண்ணு மட்டும் தண்ணியில முங்காம பாட்டில் சுவத்துல ஏறிட்டு இருந்துச்சு. சும்மா ஏறலை, கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஏறுது. அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மாவுப்பூச்சிக்கு ஏது இத்தனை அவசரம்?

அது வாயில இருக்கற ஊசியைத் தண்டுல குத்திட்டு, சாறு குடிச்சுட்டு, உட்கார்ந்த இடத்துலயே பென்ஷன் வாங்கற ஜாதி. குஞ்சு பொரிச்ச புதுசுல நல்லா நடக்கும், காத்துல பறந்துகூடப் போகும். வளர்ந்த பெண் பூச்சி 3 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம், ஈர்க்குச்சியால குத்தினாலும் யோசிச்சுத்தான் நகரும். நகத்தளவு மாவுப்பூச்சின்னு ஒண்ணு எங்க செம்பருத்தியில வளர வாய்ப்பே இல்லை.

அந்தச் செம்பருத்தியைப் பத்திச் சொல்லணும். அடுக்குச் சிவப்பு. பூ சாமிக்கு, இலை அத்தை தலைக்கு, நிழல் மாமாவோட நாற்காலிக்கு. மாசி கடைசியில நுனியெல்லாம் சுருண்டு முடிச்சு விழ ஆரம்பிச்சுது. மொட்டு வரும், விரியாம உதிரும். அத்தை உடனே எதிர் வீட்டுக்காரம்மா கண்ணுதான்னு தீர்ப்பு சொல்லி, மிளகாய் சுத்திப் போட்டாங்க. கண்ணு இல்லை. சாறு உறிஞ்சும்போது பூச்சி எச்சிலை உள்ள விடுது, அந்த எச்சில் பட்ட குருத்து ஒழுங்கா வளராது. நசுக்கிப் பார்த்தா எந்தப் பூச்சின்னு ஓரளவு சொல்லலாம். சிவப்பாச் சாறு வந்தா செம்பருத்தி மாவுப்பூச்சி, மஞ்சளா வந்தா பப்பாளி மாவுப்பூச்சி. எங்க அத்தை கட்டைவிரல்ல ரெண்டு கலரும் இருந்துச்சு.

பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவுல முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது எங்கன்னு நினைக்கிறீங்க? 2008-ல, நம்ம கோயமுத்தூர்ல. ஊருக்குன்னு எத்தனையோ பெருமை, அதுல இதுவும் ஒண்ணு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு தோட்டம் தோட்டமா வெள்ளை பூசின மாதிரி ஆனது ஞாபகம் இருக்கும். அப்புறம் 2010-ல பியூர்ட்டோ ரிக்கோவுல இருந்து கொசுவை விடச் சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டாங்க. அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்னு வளர்ந்து ஓட்டை போட்டு வெளிய வரும். மருந்து அடிச்சு அடங்காதது அதுக்கு அடங்குச்சு.

எங்க வீட்டுல பூச்சிக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைச்சது மாமா. மீன் அமிலம். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை போட்டு ஊற வச்சு, லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி கலந்து 15 நாளைக்கு ஒருக்கா ஊத்தினாப் போதும். மாமாவுக்கு எதுவும் போதாது. வாரம் ஒருக்கா, கண்ணளவுல. கொழுகொழுன்னு குருத்து வந்துச்சு, தெருவே பாராட்டுச்சு. தழைச்சத்து ஏறின இளங்குருத்துதான் சாறு உறிஞ்சற பூச்சிக்கு விருந்துச் சாப்பாடு. வாசத்துக்கு நாலு வீடு தள்ளி இருக்கற பூனையும் குடிவந்தது தனிக்கதை.

அடுத்தது எங்க வீட்டுக்காரர். இவர் எதையும் வீடியோ பார்த்துச் செய்வார், ஆனா வீடியோவைப் பாதியில நிறுத்திருவார். வேப்பெண்ணெய் வாங்கி வந்தார், 2 லிட்டர் பம்ப் வாங்கினார், 10 மில்லி எண்ணெயைத் தண்ணியில ஊத்தினார், அடிச்சார். சோப்பு வர்றதுக்கு முன்னாடியே வீடியோவை நிறுத்தியிருக்கார். வேப்பெண்ணெயும் தண்ணியும் எங்க அத்தையும் மாமாவும் மாதிரி, நடுவுல ஒரு ஆள் இல்லாம சேராது. சேராத எண்ணெய் மேல மிதக்கும். பம்ப்போட குழாய் அடியில இருந்து உறிஞ்சும். அதனால முக்கால்வாசி நேரம் செடிக்கு வெறும் சிறுவாணித் தண்ணி, கடைசி 100 மில்லியில மொத்த எண்ணெயும் ஒரே கிளை மேல. அதுவும் மத்தியானம் பன்னண்டு மணி வெயில்ல. அந்தக் கிளை அப்பளம் பொரிஞ்ச மாதிரி ஆயிருச்சு. "மருந்து வேலை செய்யுது பாரு"ன்னார்.

முறையாச் செய்யறது இப்படி. முதல்ல ஒரு கிண்ணத்துல 5 மில்லி வேப்பெண்ணெயோட 2 மில்லி காதி சோப்புத் திரவம் விட்டு, பால் மாதிரி வெளுக்கிற வரைக்கும் அடிக்கணும். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பான தண்ணி விட்டு ஒரு லிட்டர் ஆக்கணும். மேல எண்ணெய்க் கண்ணு கண்ணா மிதந்தா சேரலைன்னு அர்த்தம், இன்னும் அடிங்க. பொழுதோட, வெயில் இறங்கின பிறகு, இலைக்கு அடியிலயும் கணுவுலயும் படற மாதிரி அடிக்கணும், நடுநடுவுல பம்ப்பைக் குலுக்கணும். கலந்ததை அன்னிக்கே தீர்த்திரணும். முக்கியமா, ஒருக்கா அடிச்சா முடியாது. முட்டையெல்லாம் பஞ்சுப் பைக்குள்ள பத்திரமா இருக்கும், நூத்துக்கணக்குல. மருந்து அதுக்குள்ள இறங்காது. வாரத்துக்குள்ள பொரிச்சு வர்ற குஞ்சுக்கு மேல மெழுகுப் பூச்சு இருக்காது, அதுதான் அடிக்கிற நேரம். அதனால 5 நாள், 7 நாள் இடைவெளியில மூணு தடவை. மாவுப்பூச்சி மறுபடி மறுபடி வருதேன்னு புலம்பறவங்கள்ல பாதிப்பேர் முதல் தடவையோட பம்ப்பைக் கழுவிக் கவுத்தவங்க.

அடிக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப மோசமான நுனிகளை வெட்டணும். வெட்டினதை மாடி மூலையில போட்டா குஞ்செல்லாம் நடந்தே திரும்பி வந்திரும். உரக்குழியிலயும் போடக்கூடாது. நேரா சோப்புத் தண்ணி பக்கெட்டுல முக்கணும். அத்தையோட பிரஷ் முறையும் நல்ல முறைதான், கணுவுல பஞ்சு மாதிரி இருக்கறதைத் தேய்க்க அதை மிஞ்சின ஆயுதம் கிடையாது.

இத்தனைக்கும் அப்புறம் ஏன் குறையலைன்னா, எறும்பு. மாவுப்பூச்சி குடிக்கிற சாறுல நிறைய இனிப்பாவே பின்பக்கமா வெளிய போகுது. அது இலையில பிசுபிசுன்னு ஒட்டும், அது மேல கரும்பூசணம் அடுப்புக் கரி மாதிரி படியும். (இதுக்கு ஆறின சோத்துக் கஞ்சியை நீர்க்கத் தெளிச்சா, காய்ஞ்சு செதிலா உரியும்போது கரியையும் கூட்டிட்டுப் போகும்.) அந்த இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சியை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்குது. மாவுப்பூச்சியைத் தின்ன எது வந்தாலும் கடிச்சுத் துரத்தும். எறும்பை நிறுத்தாம பூச்சியை நிறுத்த முடியாது.

அத்தை தொட்டி ஸ்டாண்டு காலுக்கெல்லாம் தட்டுல தண்ணி வச்சாங்க, அந்தக் காலத்துல பால், பலகாரம் வைக்கிற பீரோவுக்கு வச்ச மாதிரி. நாலாம் நாள் அதுல கொசுப்புழு நெளிஞ்சுது. டெங்கு பார்க்க வந்த அக்கா அதைப் பார்த்து, அத்தையையும் பார்த்து, ஒண்ணும் சொல்லாம கவுத்துட்டுப் போனாங்க. அப்புறம் இவர் கிரீஸ் டப்பா எடுத்துட்டு வந்தார். தண்டுல நேராத் தடவாதீங்க, பட்டை மூச்சு முட்டும், முதல்ல டேப் சுத்தி அது மேல தடவுங்கன்னு நான் சொன்னதை, ஆச்சரியமா, கேட்டார். எறும்பு கீழ நின்னுருச்சு. ஒரே நாள்தான். மறுநாள் மறுபடி மேல ஊர்வலம். எப்படின்னு தேடினா, துணிக்கொடி வழியா வந்து, மாமா காயப்போட்ட எட்டு முழ வேட்டியில இறங்கி, வேட்டி நுனி இலையில உரசற இடத்துல செடிக்கு மாறுது. கிரீஸ் வளையம் வைக்கிறவங்க செடி எதையாவது தொடுதான்னு பார்த்துட்டு வைங்க. சுவரு, கம்பி, பக்கத்துச் செடி, வேட்டி. வேட்டியை இழுத்த வேகத்துல கரை பூராவும் கிரீஸ். அந்த வேட்டி இப்ப வண்டி துடைக்குது, மாமா வண்டியையே பார்க்கறதில்லை.

ஆனா எறும்பு நின்னுது. நின்ன பத்து நாள்ல அவங்க வந்தாங்க.

வந்தது யாருன்னுதான் பாட்டில் சுவத்துல ஏறிட்டு இருந்துச்சே. பொறிவண்டோட புழு. கிரிப்டோலேமஸ்னு பேரு. வண்டு 4 மில்லிமீட்டர் இருக்கும், கருப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை. அது முட்டை வைக்கிறதே மாவுப்பூச்சியோட பஞ்சுப் பைக்குள்ளதான். புழு பொரிச்சு வந்து முட்டை, குஞ்சு, கெழடுன்னு பார்க்காம நூத்துக்கணக்குல தின்னும். வேஷம் மட்டும் அச்சு அசலா மாவுப்பூச்சி வேஷம், அளவுதான் மூணு நாலு மடங்கு. ஆஸ்திரேலியாக்காரங்க. 1898-ல காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சியைத் தின்னச் சொல்லி இந்தியாவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வந்த வேலையை விட்டுட்டு மாவுப்பூச்சியில செட்டில் ஆயிருச்சு. அப்படி ஒரு படை, யாரும் கூப்பிடாம, காசு வாங்காம, மூணு மாடி ஏறி எங்க வீட்டுக்கு வந்திருக்கு. அத்தை அதுல நாப்பத்தி மூணு பேரை பிரஷ்ஷால தேய்ச்சு சோப்புத் தண்ணியில போட்டுட்டாங்க.

எப்படிச் சொல்றதுன்னே தெரியலை. "அத்தை, இதுக நம்மாளுக"ன்னு ஆரம்பிச்சேன்.

அவங்க ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் பாட்டிலை அப்படியே டீ வடிகட்டியில கவுத்து, குழாயில மெதுவாத் தண்ணி விட்டு சோப்பைக் கழுவினாங்க. பழைய காலண்டர்த் தாளைக் கிழிச்சு ஒவ்வொண்ணா பரப்பி வச்சாங்க. முப்பத்தி ஏழு அசையலை. ஆறு அசைஞ்சுது. அந்த ஆறையும் தாளோட தூக்கிட்டு மாடி ஏறி, பூச்சி அதிகமா இருக்கற கணுவுலயே இறக்கி விட்டு, பொழுது சாயற வரைக்கும் மாமா நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. "பாவம், பசியோட வந்ததுக"ன்னு கேட்டுச்சு. யாரைச் சொன்னாங்கன்னு கேட்கலை.

அன்னியில இருந்து மாடியில சட்டம் மாறிருச்சு. வேப்பெண்ணெய் தடை, அது ஒரு வகையில நியாயம்தான், சோப்பு மேல பட்டா அந்தப் புழுவும் தப்பாது. ஓஸ் பைப்புல வேகமாத் தண்ணி அடிக்கவும் தடை. யாராவது வெள்ளையா எதையாவது பார்த்தா முதல்ல ஈர்க்குச்சியால தொடணும். சடசடன்னு நடந்தா கும்பிட்டுட்டு வரணும், சோம்பலா இருந்தா அத்தையைக் கூப்பிடணும். எதிர் வீட்டுக்காரம்மா, "செடியெல்லாம் பூச்சியா இருக்குதே, மருந்து அடிக்கலீங்களா"ன்னாங்க. அத்தை, "அதுகளுக்கு அப்புறம் சோறு ஆரு போடறது?"ன்னாங்க. அந்தம்மா இப்ப எங்களைப் பார்த்தா கொஞ்சம் ஒதுங்கித்தான் போறாங்க.

நானும் வாயை வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, இந்தப் பொறிவண்டை ஆராய்ச்சிக்கூடத்துல எப்படி வளர்க்கறாங்கன்னு சொல்லித் தொலைச்சேன். நல்லா வரி வரியாப் பள்ளம் விழுந்த அரசாணிக்காயா (பரங்கிக்காய்தான்) எடுத்து, அடிபடாத, காம்போட இருக்கற காயாப் பார்த்து, அது மேல மாவுப்பூச்சியை விடுவாங்க. பள்ளத்துல பள்ளத்துல பூச்சி ஏறி, ரெண்டு மூணு வாரத்துல காய் முழுக்க வெள்ளை ஆயிரும். அப்புறம் கூண்டுக்குள்ள வச்சு வண்டை விட்டா, அதுபாட்டுக்குத் தின்னு பெருகும்.

அத்தை ரசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

இன்னிக்குக் காலையில பொரியலுக்கு அரசாணிக்காயைத் தேடறேன், காணோம். சந்தையில வாங்கினது, நாலு கிலோ, முழுசா. மாடிக்குப் போனா தண்ணித் தொட்டி நிழல்ல, சின்னவன் குழந்தையா இருந்தப்ப வாங்கின குடைக் கொசு வலை விரிஞ்சு நிக்குது. உள்ள பலகை மேல அரசாணிக்காய். காம்புல நூல் கட்டி, பூச்சி பிடிச்ச செம்பருத்திக் கிளை ரெண்டு சாத்தி வச்சிருக்கு. பலகையோட நாலு காலுக்கும் கிரீஸ்.

மத்தியானம் இவர், "என்ன, இன்னிக்கும் பீட்ரூட்டா?"ன்னார். அத்தை தட்டை விட்டு நிமிரவே இல்லை.